அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு அந்தோணி மேரியின் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். டிவிக்கு நேர் எதிரே, தரையில் சம்மணம் போட்டு, கையில் செபமாலையோடு அந்தோணி மேரி. அவளுக்கு வலப்பக்கம், வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று என்பதால் அதில், கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவள் தம்பி லியோ பிரகாஷ். சன்னலடியில் கிடந்த அரிசி மூட்டை மேல், தன் மொபைலை டிவியோடு இணைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு லில்லி. வாசற்படியில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக, எதிர்வீட்டுக் காசம்மாள். எல்லோருக்கும் பின்னால், சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டியின் மேல், உறுவையாறு சிற்றாலயத்தில் சாமிக்குத் துணையாக இருந்து கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் இன்னாசிமுத்து.

அந்த இடத்தை அவரே பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். அங்கே உட்கார்ந்தால் அவர் எல்லோரையும் பார்க்கலாம், அவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

அரை மணியில் தென்னாப்பிரிக்காவில், கிம்பர்லி என்கிற ஊரில், இந்தியப் பெண்கள் அணியின் மூன்றாவது டி-ட்வென்டி ஆட்டம் தொடங்கப் போகிறது. அந்தோணி மேரியின் ஒரே மகள் ஆரோக்கிய ஜெனிபர் அந்த அணியில் வேகப்பந்து போடுகிறவள். முதல் இரண்டு ஆட்டமும் ஆடினாள். வேறொரு ஞாயிறாக இருந்தால் இந்தக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. இன்றைக்கு ஊர் ஒதுங்கி நின்றது. காலை ஆறு மணிப் பூசையில் ஜெனிபரின் பெயரை இறந்தவர்கள் பட்டியலில் சேர்த்து வாசித்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். போன புதன்கிழமை அந்தோணி மேரி கோயிலுக்கு வந்து, "அண்ணே, ஞாயித்துக்கெழம அப்பனுக்கும் பொண்ணுக்கும் சேத்து ஒரு பூசை எழுதிடுங்க" என்றாள். அப்பன் என்றால் ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன சவரிநாதன். அவருக்கு ஆன்மா இளைப்பாற. மகளுக்கு ஆட்டம் நல்லபடியாக நடக்க வேண்டுதல். ஆட்டம் உள்ள ஞாயிறுகளில் அவள் இப்படித்தான் கேட்பாள். இன்னாசிமுத்துவும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் பின்னறையில் உட்கார்ந்து, நோட்டிலிருந்து, பூசையில் சாமி வாசிக்கிற தாளுக்கு அவர் படி எடுத்தார். தாளின் மேல்பாதி நன்றிக்கும் வேண்டுதலுக்கும், கீழ்ப்பாதி இறந்தவர்களுக்கு. பத்தொன்பது வருஷமாக அதே ஒழுங்கு. அந்தச் சாயங்காலம் மட்டும் மெழுகுவர்த்தித் தண்டில் மொபைலைச் சாய்த்து வைத்திருந்தார். ஜெனிபர் கடைசிக்கு முந்தைய ஓவர் போட்டுக்கொண்டிருந்தாள். சவரிநாதன் என்று கீழ்ப்பாதியில் எழுதினார். ஜெனிபர் ஓடி வந்தாள், ஸ்டம்ப் பறந்தது, இவர் அறைக்குள் தனியாக எழுந்து நின்று கைதட்டினார். உட்கார்ந்து பேனாவை எடுத்தவர், அடுத்த பெயரை அதற்குக் கீழேயே எழுதினார்.

பங்குச்சாமி சகாய சுரேஷ் இந்த வருஷம் வந்தவர். மூன்று கிளைக் கிராமங்களுக்கு அவர் ஒருவர்தான். தாளில் இருந்ததை மைக்கில் அப்படியே வாசித்தார்: "மறைந்த சவரிநாதன், ஆரோக்கிய ஜெனிபர் ஆகியோரின் ஆன்மா இறைவனில் இளைப்பாற..."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அதைச் சத்தம் என்று சொல்வதைவிட மூச்சு என்று சொல்லலாம். அந்தோணி மேரி எழுந்து நின்றுவிட்டாள்.

பூசை முடிந்ததும் சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையை, அதுவும் கடல் தாண்டிப் போயிருக்கிற பிள்ளையை இப்படி வாசிக்கலாமா, பேர் பார்த்துப் படிக்கத் தெரியாதா என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். சாமி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். தலை நிமிர்ந்து இன்னாசிமுத்துவை ஒருமுறை பார்த்தார். தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"என் தப்புதாம்மா. அவசரத்துல மாத்திப் படிச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்ப் பூசைக்குப் போய்விட்டார். இன்னாசிமுத்துவுக்கு வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு இப்போது வரை வரவில்லை. 'புள்ள முகத்த ஒரு தடவ டிவில காட்டிட்டா போதும், சொல்லிடலாம்' என்று அவர் தனக்குத்தானே தவணை கேட்டுக்கொண்டிருந்தார். மையால் எழுதி யாரும் சாவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

ஜெனிபரின் போன் அணைந்தே கிடந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு அணைத்தால் ஆட்டம் முடிந்துதான் திறப்பாள். அது அவள் வழக்கம். மைதானத்துக்குள் போனால் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள், அது அணியின் சட்டம். இரண்டும் அந்தோணி மேரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து இருபத்திரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள்.

"பால் சொசைட்டில சொன்னாங்கம்மா, ஜெனிபரு ஃபாரின்ல போயிடுச்சின்னு" என்று காசம்மாள் நான்காவது தடவையாக ஆரம்பித்தாள். "கேனை அங்கியே போட்டுட்டு ஓடியாந்தேன். எனக்கு இந்த நெஞ்சு கீதே, அப்பிடியே..."

"யக்கா, நீ நெஞ்சுல அடிச்சிக்கிறத மொதல்ல நிறுத்து" என்றாள் லில்லி. "யாரும் எங்கியும் போவல. தப்பா படிச்சிட்டாங்க, அவ்ளோதான்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். தப்பா படிச்சாலும் படிச்சது படிச்சதுதான?"

"வாய மூடுறியா இல்லியா?"

டிவியில் டாஸ் போட்டார்கள். இந்தியா பேட்டிங். பிறகு ஆடும் பதினொரு பேரின் பெயர்கள் வரிசையாக வந்தன. லில்லி இங்கிலீஷில் இருந்ததைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. படித்து முடித்தவள் மறுபடி மேலிருந்து ஒருமுறை மனசுக்குள் படித்தாள்.

"இன்னாடி?" என்றாள் அந்தோணி மேரி.

"பேரு இல்லக்கா."

காசம்மாள் வாசற்படியிலிருந்து எட்டி டிவியைப் பார்த்தாள்.

"ரெண்டு மேட்ச்லயும் ஆடுனவள இன்னாத்துக்கு எடுத்தாங்க?" அந்தோணி மேரி தம்பியைப் பார்த்துத் திரும்பினாள். "வெள்ளிக்கெழம மூணு விக்கெட்டு எடுத்தவள?"

லியோ பிரகாஷ் மனை விற்கிறவன். எந்த மனைக்கும் தண்ணீர் இனிப்பாக இருக்கும் என்று சொல்லிப் பழகியவன். "பிட்ச் ஸ்பின்னுக்கு எடுக்குதுன்னு சொல்றாங்கக்கா. இவ ஃபாஸ்ட்டு. அதான் ரெஸ்ட் குடுத்திருப்பாங்க."

"யாரு சொன்னாங்க?"

"பொதுவா சொல்லுவாங்க."

"உடம்புக்கு எதுனா ஆயிருந்தா?"

"ஆயிருந்தா நம்மளுக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"எப்பிடிச் சொல்லுவாங்க? அவ போன்தான் செத்துக் கெடக்குதே!"

அந்த வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். உடனே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாசற்படியில் காசம்மாளின் கை தானாக உயர்ந்தது. லில்லி முறைத்ததும் இறங்கியது.

இன்னாசிமுத்து பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. ஓட்டத்தை யாரும் எண்ணவில்லை. மட்டை பட்டு பந்து எல்லைக்கோட்டுக்குப் போகும்போதெல்லாம் ஐந்து பேரும் பந்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்கள். நான்காவது ஓவரில் கேமரா நம் அணி உட்கார்ந்திருக்கும் கூடாரத்தைக் காட்டியது. வரிசையாக நீலச்சட்டைகள். லில்லி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டு எண்ணினாள்.

"இது கேப்டன். இது பிசியோ. இது... இல்ல. இதுவும் இல்ல."

"ஜடைய பாருடி, ஜடையப் பாத்தா தெரியும்."

"எல்லாம் தொப்பி போட்டுக்கினு கீறாங்கக்கா."

காட்சி மாறிவிட்டது. ஏழாவது ஓவரில் படம் நின்று, நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. லியோ பிரகாஷ் நாற்காலியை விட்டு எழுந்தான். "டவர் இல்லியா? என்னுத எடு, என்னுத எடு." இரண்டு மொபைலையும் மாற்றி மாட்டுவதற்குள் அந்தோணி மேரி செபமாலையை ஒரு சுற்று முடித்துவிட்டாள். இன்னாசிமுத்துவின் உதடும் கூடவே அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

படம் திரும்பி வந்தபோது பத்து ஓவர் முடிந்திருந்தது. தண்ணீர் இடைவேளை. மைதானத்துக்குள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். மேலே பச்சை மஞ்சள் கலந்த கையில்லாத சட்டை, இரண்டு கையிலும் பாட்டில்கள். கடைசியாக வந்தவள் கழுத்தில் ஒரு துண்டு. இடது தோளைச் சற்றுத் தூக்கி ஓடினாள்.

அந்தோணி மேரிக்கு முகம் தேவைப்படவில்லை.

"ஏய்! ஏய், எம் பொண்ணு!" என்று முழங்கால் போட்டு எழுந்தாள். "அதோ ஓடுறா பாரு! அதோ!"

கேமரா கிட்டே போனது. ஆரோக்கிய ஜெனிபர், மட்டை பிடித்தவளிடம் பாட்டிலைக் கொடுத்து, ஏதோ சொல்லி, வாய் திறந்து சிரித்தாள். மேல்வரிசைப் பல்லில் ஒன்று சற்று முன்னால் தள்ளியிருப்பது கூடத் தெரிந்தது.

லில்லி மூட்டையிலிருந்து குதித்தாள். காசம்மாள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அழுதாள். அது வேறு அழுகை என்பதால் யாரும் தடுக்கவில்லை. லியோ பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே, ரெஸ்ட்டு" என்றான்.

"தண்ணி தூக்குறா" என்றாள் லில்லி. "இதுக்கா சவுத் ஆப்பிரிக்கா போனா?"

"தூக்கட்டும்டி! நல்லா தூக்கட்டும்! குடம் குடமா தூக்கட்டும்!" அந்தோணி மேரி டிவியை இரண்டு கையாலும் தடவி, கையைத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

இன்னாசிமுத்து எழுந்து நேராகப் பின்கட்டுக்குப் போனார். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, நிறுத்தாமல் குடித்தார். இன்னொரு சொம்பு. மூன்றாவதில் பாதி சட்டையில் கொட்டியது. துணி காய்கிற கொடியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். சட்டை கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே வந்தார்.

அதற்குள் கூடம் மாறியிருந்தது. காலையில் ஆக்கி, யாரும் தொடாமல் கிடந்த சோறும் சங்கரா மீன் குழம்பும் நடுவில் வந்திருந்தன. காசம்மாள் இப்போது முழுசாக உள்ளே வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "சொசைட்டில சொன்னவன நாளைக்கி இன்னா கேக்குறேன் பாரு" என்று முள் எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அந்தோணி மேரி ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "தண்ணி தூக்கிக்கினு ஓடுனா. நான் கண்ணால பாத்தேன்."

இன்னாசிமுத்து தட்டை வாங்கினார். ஒரு கவளம் எடுத்தார். கீழே வைத்தார்.

"மேரிம்மா, ஒன்னு சொல்லணும்."

"சாப்புட்டுட்டு சொல்லுங்கண்ணே."

"சொல்லிட்டுதான் சாப்புட முடியும். சாமி மாத்திப் படிக்கல. தாள்ல இருந்ததத்தான் படிச்சாரு. எழுதுனது நானு. வெள்ளிக்கெழம மேட்ச பாத்துக்கினே எழுதுனேன். ஜெனிபரு ஸ்டம்ப ஒடச்ச சந்தோசத்துல, அப்பன் பேருக்குக் கீழயே பொண்ணு பேரையும் எழுதிட்டேன்."

எல்லோருடைய கையும் தட்டில் நின்றது. அந்தோணி மேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் சிறியதாவதை அவர் பார்த்தார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"காத்தால ஆறு மணிலேர்ந்து தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினு அந்தப் பொட்டி மேல ஒக்காந்துக்கினு இருந்தீங்களா?"

"வாய் வரல. மன்னிச்சிடு."

"நான் அந்தச் சாமிய எப்பிடி ஏசிட்டேன் தெரியுமா? ஒனக்கெல்லாம் எவன் குருப்பட்டம் குடுத்தான்னு கேட்டுட்டேன்! அந்தப் புள்ள தலைய குனிஞ்சிக்கினு போனுச்சே!" சொல்லிக்கொண்டே வந்தவளின் உதடு ஒருபக்கம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள். "எம் பொண்ணு விக்கெட்டு எடுத்ததுக்கு நீங்க எம் பொண்ணையே எடுத்துட்டீங்களே அண்ணே!"

லில்லிக்குப் புரையேறிவிட்டது. லியோ பிரகாஷ் அவள் தலையில் தட்டினான். காசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் பால் கேனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று உபதேசியாரைக் கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

இன்னாசிமுத்து சாப்பிட்டார். இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

இரண்டாவது பாதி ஆட்டத்தை எல்லோரும் காலை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். பதினாறாவது ஓவரில் ஒருத்திக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பதில் ஜெனிபர் களத்துக்கு வந்தாள். வந்த மூன்றாம் பந்திலேயே அவள் பக்கம் பந்து உயரமாக ஏறியது. பின்னாலேயே ஓடினாள், பாய்ந்தாள், பந்து விரலில் பட்டு நழுவியது. அவள் இரண்டு முறை உருண்டு எல்லைக்கோட்டுக் கயிற்றருகே கிடந்தாள்.

"அடப்பாவி, உட்டுட்டாளே!" என்று லியோ பிரகாஷ் தலையில் கை வைத்தான்.

ஜெனிபர் எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுப் பந்தை எடுத்து எறிந்தாள். அந்தோணி மேரி கைதட்டினாள்.

"இன்னாக்கா, கேட்ச்ச உட்டதுக்குக் கை தட்டுற?"

"நீ கேட்ச்சப் பாரு. நான் எழுந்தாளான்னு பாக்குறேன்."

கேட்ச் நழுவியதால் பிழைத்தவள் விளாசித் தள்ளினாள். கடைசிப் பந்து வரை போய், நான்கு ஓட்டத்தில் நம் அணி தப்பித்தது. லியோ பிரகாஷ் வெளியே போய் நின்று தெருவுக்கே கேட்கும்படி மூச்சு விட்டான்.

ஐந்தரை மணிக்கு வீடியோ கால் வந்தது. ஜெனிபரின் முகம் வாடிக் கிடந்தது. "எம்மா, பாத்தியா? ஈஸி கேட்ச்சும்மா அது. கொஞ்சம் போயிருந்தா மேட்ச்சே என்னாலதான் போயிருக்கும். நேத்தே டீம்ல இல்லன்னு சொல்லிட்டாங்க. கெடச்ச அஞ்சு ஓவர்ல..."

"அத உடுடி. நீ இன்னிக்கிக் காத்தால செத்துப் போயிட்ட, தெரியுமா?"

"இன்னா?"

அந்தோணி மேரி முதலிலிருந்து சொன்னாள். லில்லி குறுக்கே புகுந்து பால் கேனைச் சேர்த்தாள். ஜெனிபர் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், பூசையில் பெயர் வந்த இடத்தில் வாயைப் பொத்தினாள், பிறகு போனே ஆடும்படி சிரித்தாள். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் என்ன என்று எட்டிப் பார்க்க, அவர்களுக்கு அரைகுறை இந்தியில் சொல்லி, அவர்களும் சிரித்தார்கள்.

"உபதேசியார் மாமாகிட்ட குடும்மா. எங்க அவரு?"

இன்னாசிமுத்து போனை வாங்கினார். முகம் முழுசாகத் தெரியாமல் நெற்றி மட்டும் தெரிந்தது.

"மாமா, செத்தவள எப்பிடி பதினோரு பேர்ல சேப்பாங்க? நான் கோச்ச திட்டிக்கினு இருந்தேன், கடசில நீங்கதானா?"

"தப்புதாம்மா. மாமாவ மன்னிச்சிடு."

"மன்னிக்கிறேன். ஆனா நான் பந்து போடறப்ப நீங்க பேனாவ தொடக்கூடாது. சரியா?"

"தொடமாட்டேன்" என்றார். போனைத் தாயிடம் கொடுத்தார்.

பேச்சு முடிந்ததும் லியோ பிரகாஷிடம் தாளும் உறையும் கேட்டார். மனைப் பத்திரம் போட்டு வைக்கிற நீண்ட உறைதான் அவன் பைக்கில் இருந்தது.

"சாமிக்குப் போன்ல சொல்லிடுங்களேன்" என்றான் அவன்.

"போன்ல அவருகிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். ஊரே கேக்க ஏசுனாங்க. ஊரே கேக்கணும். தாள்ல எழுதிக் குடுத்தாத்தான் மைக்குல வாசிப்பாரு."

இரும்புப் பெட்டியைச் சன்னலருகே இழுத்துப் போட்டு, அதை மேசையாக வைத்துக்கொண்டு எழுதினார். டிவியை அணைக்கச் சொன்னார். மொபைலை லில்லியிடம் கொடுத்தார். வணக்கம் சொல்லி, தேதி போட்டு, கருத்தை நேராக எழுதினார்: 'ஆரோக்கிய ஜெனிபர் நலமாக இருக்கிறாள். அந்தப் பெயரை அந்த இடத்தில் எழுதியது என் கை. தாளில் இருந்ததையே தாங்கள் வாசித்தீர்கள், என் தவறைத் தங்கள் தவறாக ஏற்றுக்கொண்டீர்கள். வரும் ஞாயிறு பூசைக்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு வரியும் விடாமல் மைக்கில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு பட்டியல் எழுதும் வேலை என்னிடம் இருக்கலாமா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.'

கையெழுத்துப் போடும் முன் அந்தோணி மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடசி வரிய அடிச்சிடுங்க. வேற யாரு எழுதுவா, லியோ எழுதுவானா? ஊரு மொத்தத்தையும் மனை போட்டு வித்துடுவான். நான் சாமிகிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டுக்கறேன், அதையும் எழுதுங்க. அப்புறம் அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு ஒரு பூசை. நன்றிப் பூசை."

"அப்பனுக்குமா?"

"அவரு ஒரு வாரம் பொறுத்துக்குவாரு. எம் பொண்ணு பேரு மட்டும். தனியா. மேல."

அவர் கடைசி வரியை அடித்தார். மீதியை எழுதினார். நன்றி என்று தலைப்புப் போட்டு, அதற்கு அடியில் பெயரை எழுதும்போது அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். தனக்குப் போதவில்லை என்று லில்லியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். லில்லி பார்த்து, "உயிரோடதான் கீறா" என்று சான்று கொடுத்தாள்.

உறையில் பசை இல்லை. காசம்மாள் சட்டியிலிருந்து நான்கு பருக்கை எடுத்து வந்தாள். இன்னாசிமுத்து அதை விளிம்பில் நசுக்கித் தேய்த்து, மடித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். ஒட்டிக்கொண்டதா என்று நகத்தால் நெருடிப் பார்த்தார்.

லில்லிக்குத் திருபுவனை கம்பெனியில் இரவு ஷிப்ட். சாமி தங்கியிருக்கும் பங்குக் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். சீருடை மாட்டிக்கொண்டு வந்து ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

"அவரு நாளைக்கிக் காத்தால தியானத்துக்குப் போறாரு, சனிக்கெழமதான் திரும்பி வருவாரு" என்றார் இன்னாசிமுத்து. "இன்னிக்கே அவரு கையில குடுத்துடு. சமையக்காரம்மாகிட்ட குடுத்துடாத."

"கையிலதான் குடுப்பேன். கையெழுத்து வேணும்னா வாங்கியாரட்டா?"

"போடி, போ. நேரமாவுது" என்றாள் அந்தோணி மேரி.

லில்லி உறையைச் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்பி, மெயின் ரோட்டில் ஏறியது.